வேர்க்காத ஐஸ்

அந்த ஐஸ் வேர்க்கலை. ரெண்டாவது அள்ளு அள்ளி டப்பாவுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவுல திணிக்கிறப்ப நடுவிரல் நுனி ஒட்டிக்கிச்சு, இழுத்ததும் டப்புனு விட்டுச்சு, அப்பவே தெரியும், தெரிஞ்சும் மூடினேன். மூடி மேல டாக்டர் நவநீத் டேப்பை ஒட்டி மணி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பன்னெண்டு பத்து. அது மூளைச்சாவு ஆன ஒரு மனுஷனோட இதயத்துக்கு ரத்தத்தை நிறுத்தின நேரம், அதுல இருந்து நாலு மணி நேரத்துக்குள்ள இன்னொரு நெஞ்சுல ஓடணும். இப்ப ஒண்ணு முப்பத்தஞ்சு. பெட்டி என் பக்கத்துல ஜன்னல் சீட்டுல பெல்ட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு, கல்யாண வீட்டுல கூல்டிரிங்க்ஸ் போட்டு வெப்பாங்களே அதே நீலப் பெட்டி. தூத்துக்குடியில இருந்து மெட்ராஸுக்கு ஒன்றரை மணி நேரம், சின்ன விமானம், ரெண்டு பக்கமும் விசிறி, காதுக்குள்ள மாவு மில்லு ஓடுற சத்தம். உள்ள இருக்கிறது மூணு பைக்குள்ள ஒண்ணுக்குள்ள ஒண்ணா கட்டி, குளிர்ந்த மருந்துத் தண்ணியில மிதக்குது, அதை டப்பாவுல வெச்சு டப்பாவைச் சுத்தி ஐஸ். நாலு டிகிரியில அது தூங்கணும். ஏறினா கெட்டுப் போவும், அது எல்லாருக்கும் தெரியும், அதனாலதான் ஐஸ் ஐஸ்னு பறக்குறாங்க. ரொம்ப இறங்கினா உறைஞ்சு சதை உள்ளுக்குள்ள கிழிஞ்சுரும், அது பாதிப் பேருக்கு ஞாபகமே இருக்காது. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. தெச்சு முடிச்சு ரத்தத்தை விடுவாங்க, எல்லாரும் பாத்துக்கிட்டு நிப்பாங்க, அது சும்மா கெடக்கும். அய்யோ மாதாவே, சும்மா கெடக்கும்.

நான் டாக்டர் இல்ல. ஆபரேஷன் நடக்குறப்ப இதயத்தோட வேலையைச் செய்யிற மெஷினை ஓட்டுறவ, பத்தொன்பது வருஷமா. பெர்ஃப்யூஷனிஸ்ட்டுனு பேரு, யாருக்கும் வாயில நுழையாது, ஆஸ்பத்திரியில நான் மெஷின் மேடம். ஜெசிந்தான்னு ஒரு பேர் இருக்குன்னு சம்பளம் போடுறவனுக்குத் தெரியும். நவநீத் முன் சீட்டுல தூங்குறார், தலை கண்ணாடியில இடிச்சு இடிச்சு நிமிருது, முந்தாநேத்து காலையில இருந்து முழிச்சிருக்கார், பாவம், வாயைப் பிளந்து தூங்கட்டும். எழுப்பிச் சொன்னா ஒரு நிமிஷ வேலை. டாக்டர், ஐஸ் சரியில்ல. அவ்வளவுதான். உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பார். அங்கதான் நிக்குது. அந்த இடத்துல வந்து வந்து நிக்குது, சாக்கடையில சிக்கின பந்து கணக்கா சுத்திச் சுத்தி அங்கயே. நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, மடியில மூணு டப்பா மக்ரூன், நூல் போட்டுக் கட்டினது, அதைக் கைக்குழந்தையைப் பிடிச்ச மாதிரி பிடிச்சுக்கிட்டிருக்கார். விமானம் ஏறினதுல இருந்து பெட்டியவே பாக்குறார். ஒரு கட்டத்துல சாஞ்சு கேட்டார், "என்னம்மா, சீலாவா?" எனக்கு ஒரு நொடி புரியலை. மீன். மீன்னு நெனைக்கிறார். இந்த ஊர்ல இருந்து ஐஸ் பெட்டியோட மெட்ராஸ் போறவ வேற என்னத்தைக் கொண்டு போவா. மனித உறுப்புன்னு எழுதின காகிதம் ஜன்னல் பக்கமா திரும்பி மேகத்துக்குக் காட்டிக்கிட்டு இருக்கு. "இல்லைங்க," ன்னேன். "விளமீனா? இப்பம் விளமீன் நல்லா படுதாம்லா," ன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாங்கிற மாதிரியும் இல்லைங்கிற மாதிரியும் ஒரு ஆட்டு.

இந்த இதயம் போய்ச் சேர வேண்டிய செண்பகவல்லிக்கு இருபத்தாறு வயசு. போளூர்க்காரி. பத்திர ஆபீஸ் வாசல்ல மெஷின் போட்டு டைப் அடிச்சுக்கிட்டிருந்தவ. ஒரு காய்ச்சல் வந்துச்சு, பத்து நாள், காய்ச்சல் போயிருச்சு, போறப்ப இதயத்தைப் பழைய துணியாட்டம் ஆக்கிட்டுப் போயிருச்சு. அஞ்சு மாசமா எங்ககிட்ட. கடைசி பதினேழு நாளா தொடையில ரெண்டு குழாய், ரத்தம் வெளிய வந்து என் மெஷினுக்குள்ள போய்த் திரும்பிப் போவுது. அந்த மெஷினைப் பாத்துக்கணும்னு நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், உக்காந்திருக்கிறவகிட்ட அவ பேசுறா, அப்படித்தான் ஆரம்பிச்சுது. படுத்த வாக்குலயே சீட்டு ஆடுவா. கழுதை ஆட்டம். ஏமாத்துவா, வெக்கமே இல்லாம போர்வைக்குள்ள சீட்டை ஒளிப்பா. "இன்னாக்கா, பாத்துட்டியா? சரி, வுடு, நோயாளி." அவளோட அம்மா வராண்டாவுல துண்டை விரிச்சுக் கெடப்பாங்க, சாயங்காலம் பத்து நிமிஷம்தான் உள்ள விடுவாங்க. மத்த நேரமெல்லாம் நான். அவளுக்கு நான்தான்னு சொல்லிக்கிறது பெருமையா இருக்கு, உண்மை திருப்பிப் போட்டா இருக்கு. எனக்கு அவதான். மொகப்பேர்ல ஒரு ரூம், ஒரு குக்கர், அரை ஆழாக்கு அரிசி, அது ஒரு ஆளுக்கு எப்பவும் மிஞ்சும். போன மாசம் பொறந்தநாளுக்கு பேங்க்காரன் மட்டும் மெசேஜ் அனுப்பினான், அவனும் மெஷின்தான். அவ ஒரு நாள் கேட்டா, நீ ஏன்க்கா மீனே துன்றதில்ல. வாடை ஆகாதுடின்னேன். எந்த ஊருக்கா உனக்கு. மதுரைன்னேன். இருபத்தி ரெண்டு வருஷமா சொல்லிச் சொல்லி எனக்கே மதுரை மாதிரி ஆயிருச்சு. சீஃப் டாக்டர் நேத்து ரவுண்ட்ஸ்ல குழாயைப் பாத்துட்டு என்னை வெளிய கூப்பிட்டுச் சொன்னார், இன்னும் ஒரு வாரம் தாங்கினா பெரிசு ஜெசிந்தா. அப்புறம் ரெண்டு மணி நேரத்துல போன் வந்துச்சு, ரத்த வகை பொருந்துது, உயரம் எடை பொருந்துது, கெளம்புங்க. எந்த ஊர் சார்னேன். தூத்துக்குடின்னார்.

கெளம்பி வந்தாச்சு. ஊர்ல கால் வெச்சுப் பதினோரு வருஷம். ஆம்புலன்ஸ்ல போறப்ப ஜன்னல் பக்கம் திரும்பவே இல்ல, உப்புக் காத்து மட்டும் கேக்காம உள்ள வந்துச்சு. அந்த மனுஷனுக்கு முப்பத்தொண்ணு, பைக், ஹெல்மெட் இல்ல, மூணு நாளா மூளைச்சாவு. பொண்டாட்டி கையெழுத்துப் போட்டுட்டு தியேட்டர் வாசல்ல நின்னா, சின்னப் பொண்ணு, என் கையில பெட்டியைப் பாத்துட்டுக் கிட்ட வந்தா. "இதுலயா வைப்பீக? ஐஸா?" ஆமாம்மான்னேன். "அவியளுக்குக் குளிரு ஆகாதே. மார்கழியில காதுல துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் படுப்பாவ." பாத்துக்கிறேன்மான்னேன். அவ கையை நீட்டி மூடியைத் தொட்டுட்டு எடுத்துக்கிட்டா. உள்ள எல்லாரும் அவருக்கு மரியாதையா ஒரு நிமிஷம் கையைக் கட்டி நின்னோம், வழக்கமா நிக்கிறதுதான், நின்னுட்டு ஆரம்பிச்சாங்க. கல்லீரல் டீம் முன்னாடியே வந்திருந்தாங்க, கிட்னி டீம் வந்திருந்தாங்க, ஆஸ்பத்திரி மெஷின்ல இருந்த ஐஸை அள்ளித் தீத்துட்டாங்க, எங்களுக்குப் பாத்தா அடியில நாலு கட்டி. சாமான் சரிபாக்க வேண்டியது நான், வந்த உடனே பாக்கணும், நான் அந்தப் பொண்ணையே நெனச்சுக்கிட்டு நின்னுட்டேன். ஆம்புலன்ஸ் டிரைவர் நான் பாத்துக்கிடுதேன்னு ஓடினார். கால் மணி நேரத்துல சாக்கு நிறைய நொறுக்கின ஐஸோட வந்தார், ஹார்பர் பக்கம் பேக்டரியில இருந்து. சாக்கைப் பிரிச்சதும் அங்க இருந்த நர்ஸ் மூக்கைப் பொத்திக்கிட்டா. "ஐய, மீன் ஐஸு! மேடம், உங்க மெட்ராஸ்ல இதெல்லாம் கண்டிருக்க மாட்டிய," ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். "எனக்கென்ன தெரியும், ஐஸ் ஐஸ்தானே," ன்னேன். என் வாயாலதான் சொன்னேன். டைம் டைம்னு உள்ள இருந்து நவநீத் கத்துறார். அள்ளினேன், திணிச்சேன், மூடினேன்.

எனக்கென்ன தெரியுமா. எங்கப்பா, சிலுவைன்னு பேரு, அந்த மாதிரி ஒரு பேக்டரியிலதான் இருபத்தாறு வருஷம் நின்னாரு. உப்புத் தண்ணித் தொட்டிக்குள்ள வரிசையா தகரக் கேன், கேனுக்குள்ள நல்ல தண்ணி, அது உறைஞ்சு பார் பாரா, நீளக் கட்டியா வரும். உப்புத் தண்ணி உறையாது, ஆனா பூஜ்யத்துக்கும் கீழ பத்து டிகிரி போயிரும், அதுல ராவும் பகலும் நின்ன பார் அதே சூட்டுல, சூடுன்னா சொல்றது, அதே வெறியிலதான் வெளிய வரும். வெள்ளையா, காஞ்சு, தொட்டா ஒட்டும். கொஞ்ச நேரம் வெளிய கெடந்து மேல தண்ணி கோத்து மினுமினுன்னு ஆவும், அதுக்கு வேர்க்கிறதுன்னு பேரு. வேர்த்த ஐஸ்தான் சாது. இது ஏதோ படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இல்ல, ஸ்கூல் விட்டு வந்து அம்மாவுக்குக் கூடையில ஐஸ் போட்டுக் கொடுத்தவளுக்குக் கை தானா சொல்லும். அம்மா சந்தைக்குப் போகுமுன்னாடி கூடையில ஒரு சொம்பு தண்ணியை ஊத்திக் கையை விட்டுக் கலக்குவா, முழங்கை வரைக்கும் செதில். அந்தக் கையோட ஒரு நாள் என் ஸ்கூலுக்கு வந்துட்டா, பரீட்சைக் கட்டணம் கட்ட. பக்கத்துல இருந்த ராஜலட்சுமி பெஞ்சுல நகந்து உக்காந்தா. அவ்வளவுதான், ஒரு சாண் நகந்தா. அந்த ஒரு சாணுக்காக நான் மதுரைக்காரியாயிட்டேன். அம்மா செத்தப்ப டூட்டியில இருந்தேன், மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு, விட்டுட்டு வர முடியலைன்னு அண்ணன் கஸ்பார்கிட்ட சொன்னேன். அவன் போனை வெச்சவன் இன்னும் எடுக்கலை. மெஷினைப் பாத்துக்க இன்னொரு ஆள் இருந்தான். கேட்டிருந்தா மாத்தி விட்டிருப்பான். அடக்கத்துக்கு எல்லாரும் வருவாங்க, எல்லாரும் அந்த வாடையோட வருவாங்க, ஆஸ்பத்திரியில இருந்து யாராச்சும் மாலையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா என்ன பண்றதுன்னு நெனச்சேன். சீ. இதை இப்ப எதுக்கு.

ஒண்ணு ஐம்பது. இந்நேரம் வேர்த்திருக்கும். வேர்த்திருக்கணும். டிரைவர் சாக்கைத் தூக்கிக்கிட்டு வந்தது ஒரு அஞ்சு நிமிஷம், தூத்துக்குடி வெயில், வண்டிக்குள்ள சூடு, மேல இருந்ததெல்லாம் கண்டிப்பா வேர்த்திருக்கும். ஆனா நான் கையை விட்டு அள்ளினது நடுச்சாக்குல இருந்து. நொறுக்கினது சீக்கிரம் வேர்க்கும், முழுப் பாராட்டம் இல்ல. ஆனா பெட்டி நல்ல பெட்டி, வெளிச்சூடு உள்ள போகாது, அதுக்குத்தானே பெட்டி. டப்பாவுல இருந்துதான் அது சூட்டை எடுத்துக்கணும், டப்பாவுல இருக்கிறது நாலு டிகிரி, அதுல இருந்து உறிஞ்சி உறிஞ்சி. மூணு பை இருக்கு, நடுவுல தண்ணி இருக்கு, தண்ணி உறைஞ்சாத்தான் அதுக்கப்புறம் சதை. மொதல்ல வெளித் தண்ணி உறையட்டும், அதுக்கு நேரம் ஆவும். எவ்வளவு நேரம் ஆவும். மூடியைத் தொறந்து கையை விட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுரும், டப்பாவைத் தொட வேண்டாம், வெளி ஐஸை மட்டும். தொறக்கக் கூடாது, தியேட்டர் வரைக்கும் டேப்பைப் பிரிக்கக் கூடாது, அது சட்டம். சட்டமாம், எழவு. சட்டத்துக்காகவா தொறக்காம உக்காந்திருக்கேன். தொறந்தா தெரிஞ்சுரும்னு உக்காந்திருக்கேன். சொன்னா என்ன ஆவும். சீஃப் வேண்டாம்னுடுவார். சந்தேகம்னு ஒரு சொல்லு போதும், அவளோட நெஞ்சை மூடி வார்டுக்குத் திருப்பி அனுப்பிடுவார், செண்பகம் கண்ணு முழிச்சு நெஞ்சைத் தடவிப் பாப்பா, அப்புறம் அந்த ஒரு வாரம், அந்த ஒரு வாரத்தை நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். சொல்லலைன்னா அவளோட பழசை வெட்டி எடுத்துடுவாங்க. எடுத்தப்புறம் இது ஓடலைன்னா திருப்பிப் போட பழசு கிடையாது. ஓடினா? ஓடிருச்சுன்னா யாருக்கும் தெரியாது, நான் மதுரைக்காரியாவே செத்துப் போகலாம். இந்தப் பக்கம் போனாலும் அவ, அந்தப் பக்கம் போனாலும் அவ. விமானம் ஒரு குலுக்கு குலுக்குச்சு. நான் பெட்டி மேல கையைப் போட்டுப் பிடிச்சேன், பெல்ட்டு போட்டிருக்கு, விழாது, ஆனாலும் பிடிச்சேன், பிடிச்ச கையை எடுக்கத் தோணலை. பக்கத்து சீட்டுல ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருந்துச்சு. கடைசியா யார் மேல இப்படிக் கையைப் போட்டேன்னு யோசிச்சுப் பாத்தேன், ஞாபகம் வரலை.

பெரியவர் நூலை அவுத்து ஒரு மக்ரூனை எடுத்துக் காகிதத்துல வெச்சு நீட்டினார். "சும்மா சாப்பிடும்மா, மவ வீட்டுக்குக் கொண்டு போறேன், ஒண்ணு கொறஞ்சா தெரியாது." வாங்கிக்கிட்டேன். பசி இருந்திருக்கு போல, வாயில போட்டதும் கரைஞ்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு, இனிப்புக்குக் கண்ணுல தண்ணி வர்றவளை இன்னைக்குத்தான் பாக்குறேன். அவர் பெட்டியைக் காட்டி, "தண்ணி ஊத்தியிருக்கியளா?" ன்னார். என்னதுன்னேன். "ஐஸுக்கும்மா. பேக்டரி ஐஸை அப்படியே கொட்டினா மீனு வெந்துரும்லா. ஒரு சொம்பு ஊத்திக் கலக்கிரணும். இல்லன்னா வீட்டுல போய்ப் பாத்தா தோலு வெளுத்துச் சக்கையாக் கெடக்கும்." சொல்லிட்டு அவர் பாட்டுக்கு டப்பாவைக் கட்ட ஆரம்பிச்சுட்டார். ஊர்ல போற வர்ற மனுஷனுக்கெல்லாம் தெரிஞ்சது. மீனுக்கே தெரிஞ்சது. நான் எந்திரிச்சேன், முன் சீட்டுல நவநீத் தோளைப் பிடிச்சு உலுக்கினேன். அவர் திடுக்குனு முழிச்சு மொதல்ல பெட்டியைப் பாத்தார்.

"டாக்டர், ஐஸ் சரியில்ல."

"என்ன மேடம், உருகிருச்சா?"

"உருகலை. அதான் தப்பு. பேக்டரியில இருந்து அப்பதான் வந்த ஐஸ், ரொம்பக் குளிர்ச்சி. போடும்போதே கையில ஒட்டுச்சு. டேப்பை எடுங்க, தண்ணி ஊத்தணும்."

"போடும்போதே தெரியுமா?" ன்னார். தெரியும்னேன். "எப்படித் தெரியும்?" இந்தா வந்துருச்சு அந்த இடம். இருபத்தி ரெண்டு வருஷமா சுத்திப் போன இடம். "எங்கப்பா ஐஸ் பேக்டரி. எங்கம்மா மீன் விக்கிறவ. நான் இந்த ஊர்தான் டாக்டர்," ன்னேன், சத்தமாத்தான் வந்துச்சு, அந்த விசிறிச் சத்தத்துக்கு மேல வரணுமே. ரெண்டு மூணு பேர் திரும்பினாங்க. யாரும் நகந்து உக்காரலை. அவர் என் முகத்தை ஒரு நொடி பாத்தார், அப்புறம் எந்திரிச்சு வந்து டேப்பைப் பிடிச்சுக் கிழிச்சார். மூடியைத் தொறந்தேன். கையுறையைப் போடலை, வெறும் கைக்குத்தான் தெரியும். மேல ஈரம். பக்கத்துல ஈரம், மினுங்குது, அப்பாடா. விரலைச் சொருகிச் சொருகி இறக்கினேன், பாதி வரைக்கும் ஈரம். அடியில, டப்பா உக்காந்திருக்கிற இடத்துல, தொட்டதும் ஒட்டிக்கிச்சு. ரெண்டு விரல். இழுக்காம அப்படியே வெச்சுக்கிட்டு நின்னேன். "ஒட்டுது," ன்னேன். ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு ஓடி வந்தா, தண்ணி பாட்டில் தாம்மான்னேன், அவ நாலு கொண்டு வந்தா, பெரியவர் தன்னோடதை மூடியைத் தொறந்தே நீட்டினார், அவருக்கு இப்ப அந்தக் காகிதம் தெரிஞ்சுருச்சு, நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டார். நான் ஊத்தி ஊத்திக் கலக்கினேன், முழங்கை வரைக்கும் விட்டு, எங்கம்மா கலக்குன மாதிரியே, கை எரிஞ்சுச்சு, அப்புறம் மரத்துச்சு.

விமானம் இறங்க ஆரம்பிச்சப்ப நவநீத் என் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து மெதுவாச் சொன்னார். "மேடம், இப்ப சரியாயிருச்சுல்ல. இப்ப யார் பாத்தாலும் நல்ல ஐஸ். சீஃப்கிட்ட சொன்னா வேண்டாம்னுடுவார். உங்களுக்குத் தெரியும் அந்தப் பொண்ணு நிலைமை." நல்லவர். நெஜமாவே அவளுக்காகத்தான் சொல்றார், அவருக்காகவும் கொஞ்சம், கையெழுத்து அவரோடது. நான் நெனச்சதையே அவர் வாயால கேக்குறப்பதான் அது எவ்வளவு அசிங்கமா இருக்குன்னு தெரிஞ்சுச்சு. "டாக்டர், அடிப்பக்கம் ஒரு மணி நேரம் ஒட்டியிருக்கு. பழசை எடுக்குறதுக்கு முன்னாடி அவர் தொட்டுப் பாக்கணும். தெரியாம எடுத்துட்டா என்ன பண்ணுவீங்க?" அவர் தன் சீட்டுல போய் உக்காந்து பெல்ட்டைப் போட்டார். சக்கரம் தரையில முட்டுச்சு. "போடுங்க போனை," ன்னேன். போட்டார், ரெண்டு வார்த்தை சொல்லிட்டு என்கிட்ட நீட்டிட்டார். சீஃப் குரல், பின்னாடி தியேட்டர் சத்தம். "ஜெசிந்தா, சொல்லு. ஒட்டுச்சா, ஒட்டலையா?" நான் இப்பவும் ஒட்டலைன்னு சொல்லலாம். ஒரு சொல்லு, எல்லாம் முடிஞ்சுரும். செண்பகம் அங்க அவர் பக்கத்துல மயக்கத்துல கெடக்கா. "ஒட்டுச்சு சார். அடியில. ரெண்டு விரல் அளவு தெரிஞ்சுச்சு, மிச்சம் தெரியாது. போடும்போதே எனக்குத் தெரியும் சார், நான்தான் மூடினேன்." ஜன்னலுக்கு வெளிய ஆம்புலன்ஸ் ஓடு பாதைக்கே வந்து நிக்குது. சீஃப் சொன்னார், "பழசை எடுக்காம வெச்சிருக்கேன். கொண்டு வா. என் கையால பாத்துட்டுத்தான் முடிவு. நல்லா இல்லைன்னா அவளை அப்படியே மூடிடுவேன். உன் விஷயம் அப்புறம்." சரி சார்னேன்.

ஆம்புலன்ஸ் போயிக்கிட்டிருக்கு. மணி மூணு. வழியெல்லாம் நிறுத்தி வெச்சிருக்காங்க, கிண்டியில ஒரு வண்டி இல்ல, இந்த ஊரை இப்படிப் பாத்ததே இல்ல, எல்லாரும் ஓரமா நின்னு எங்களைப் பாக்குறாங்க. நவநீத் முன்னாடி உக்காந்து ரோட்டையே பாக்குறார். என் வலது கை பெட்டிக்குள்ளயே இருக்கு, எடுக்கலை, கலக்கிக்கிட்டே வர்றேன். இடது கையில போன். உயிர் வந்ததும் டிங்குனுச்சு, ஒரு மணிக்கு வந்த குரல் மெசேஜ், தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி பேசியிருக்கா. காதுல வெச்சேன். "யக்கா, நாந்தான். கூட்டினு போறாங்க. நீதான் எடுத்துனு வர்றியாமே, சீஃப் சொன்னாரு. அப்பச் சரி. வேற யாருன்னாத்தான் பயம். சீட்டுக்கட்டு தலகாணி அடியில கீது, யாராவது எடுத்துறப் போறாங்க, பாத்துக்கோ." அவ்வளவுதான். ரெண்டாந்தரம் கேக்கத் தைரியம் இல்ல. கட்டை விரலால பட்டனை அமுக்கிப் பிடிச்சு வாய்கிட்ட கொண்டு போனேன், சைரன் சத்தம், கேக்குமோ கேக்காதோ. "ஏட்டி செண்பகம், நான் ஜெசிந்தா பேசுதேன். எனக்கு மதுரை இல்லட்டி, தூத்துக்குடி. எங்கம்மை மீன் வித்தா. அதை ஒரு நர்ஸுகிட்ட மறைக்கதுக்காவ, தெரிஞ்சே தப்பான ஐஸைப் போட்டு மூடிட்டேன். உனக்கு வாரதை நான் கெடுத்துட்டேனா என்னன்னு இன்னும் தெரியலை. இதை நீ கேக்கேன்னா எப்படியும் கண்ணு முழிச்சிருக்கேன்னுதான் அர்த்தம். புதுசோட முழிச்சியோ பழசோட முழிச்சியோ, முழிச்சதும் என்னையத் திட்டு. வாய் வலிக்கத் திட்டு, நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன், எங்கயும் போவ மாட்டேன். இந்த உலகத்துல என்னையத் திட்டுததுக்குன்னு வேற ஆளு கெடையாதுட்டி. எந்திரிச்சு வா."